பஸ்ஸுக்கு நேரமாச்சு, தம்பி

அன்புள்ள சார்,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வயது நாற்பத்தாறு. உங்கள் தளத்தை நான்கைந்து வருடமாக வாசித்து வந்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு கட்டுரையில் போகிற போக்கில் 'நானும் ஒரு காலத்தில் மூன்றாம் போர்டில் ஆடியவன்தான்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு எங்கள் செஸ் கிளப்புக்கும் கடலூர்க் கிளப் ஒன்றுக்கும் லீக் ஆட்டம். பாண்டி ஆட்களும் கடலூர் ஆட்களும் சேர்ந்து தங்களுக்குள் நடத்திக்கொள்கிற லீக்தான், அணிக்கு நான்கு பேர், நான்கு போர்டு, ரேட்டிங் எல்லாம் கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் முப்பது வினாடி கூடுதல். எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது ஏழாவது படிக்கிற பையன். பலகை எட்டவில்லை என்று ஸ்கூல் பையை பெஞ்சில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

முப்பதாவது மூவ் வாக்கில் எனக்கு ஒரு குதிரை லாபம். ராணிகள் போய்விட்டன. ஆளுக்கொரு யானை, கொஞ்சம் சிப்பாய்கள், எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு குதிரை. அதற்குள் மற்ற மூன்று போர்டும் முடிந்துவிட்டன. தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், ஒன்றரைக்கு ஒன்றரை. நான் ஜெயித்தால் அணி ஜெயிக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தேன். 37வது மூவில் குதிரையை சி5 கட்டத்தில் வைத்து, டி7-ல் இருந்த அவன் யானையைத் தாக்கினேன். அவன் யானையை டி8-க்கு எடுத்துவிட்டான். ஏ7-ல் இருந்த சிப்பாய் அநாதையாக நின்றது. என் யானை ஏ1-ல், வழி முழுக்கக் காலி. போய் வெட்டினேன். பையன் யானையை டி1-ல் வைத்தான். மேட், ஆட்டம் முடிந்தது. என் ராஜா ஜி1-ல், முன்னால் எஃப், ஜி, எச் மூன்று சிப்பாயும் ஒன்றுகூட நகராமல் சுவர் மாதிரி நின்றன. குதிரையால் குறுக்கே வரவும் முடியவில்லை. கடிகாரத்தில் எனக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது சார், நேரம் போதவில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். டீமில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'பரவால்ல சார், எல்லாருக்கும் நடக்கறதுதான்' என்றார்கள், அதற்குத் திட்டியே இருக்கலாம். பையன் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'அங்கிள், அனலைஸ் பண்ணலாமா?' என்று கேட்டான். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் போனது ஸ்கூட்டரில். சொல்லும்போது கையில் ஹெல்மெட் இருந்தது.

ராத்திரி மொபைலில் செஸ் நிரலில் போட்டுப் பார்த்தேன், ஐந்து புள்ளிக்கு மேல் முன்னிலை காட்டுகிறது. ஒன்பது நாளாகிறது. தூக்கத்திலும் அந்த ஏ7 வருகிறது. 'சம்பளமா கொடுக்கறாங்க இதுக்கு?' என்று மனைவி கேட்கிறார், நியாயமான கேள்விதான். இந்த வயதில் இது ஒரு பைத்தியமா? டீமிடம் மன்னிப்புக் கேட்டு என் போர்டைச் சின்னப் பையன்கள் யாருக்காவது கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா? நீங்கள் உங்கள் தோல்விகளை எப்படி மறந்தீர்கள்?

செ., லாஸ்பேட்டை

*

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் செய்த காரியம், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பலகையை எடுத்துத் தூசி தட்டியது. வெள்ளையில் ஒரு குதிரை காணாமல் போய் வருஷக்கணக்காகிறது, அதற்குப் பதில் தைல டப்பாவின் மூடி. உங்களிடம் இருந்ததே ஒரு குதிரைதான் என்பதால் மூடிக்கு வேலை வரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் காய்களை அடுக்கினேன், மீதிச் சிப்பாய்களை ஒரு யூகத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி வருகிறேன், கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று அதில் இருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதத்துக்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் கிராம்னிக், அதுவும் உலகச் சாம்பியனாக இருந்தபோதே, டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிரலோடு ஆடுகையில் அடுத்த மூவிலேயே வரும் மேட்டைப் பார்க்காமல் ராணியை நகர்த்தினார், அவருக்கே அப்படி என்றால் நமக்கென்ன என்று ஆறுதல் சொல்வது. அதை நான் சொல்லப் போவதில்லை. கிராம்னிக் சறுக்கினார் என்பதால் லாஸ்பேட்டையில் ஒருவருக்குத் தூக்கம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதோடு அங்கே எதிரில் இருந்தது இயந்திரம். உங்கள் எதிரில் இருந்தது ஒரு பையன். அந்த வித்தியாசம்தான் இந்தப் பதில் முழுக்க.

முதலில் லீக் விஷயம். தனியாகப் போட்டிக்குப் போய்த் தோற்றால் அது நம் சொந்த நஷ்டம், பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். லீக்கில் தோற்றால் கடன் வாங்கிய காசைத் தொலைத்த மாதிரி. கடைசியாக ஓடிக்கொண்டிருக்கிற போர்டு நம்முடையது என்றால் கேட்கவே வேண்டாம். மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டு வந்து முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், ஒருத்தரும் மூச்சுவிட மாட்டார்கள், ஆனாலும் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பிடரியில் தெரியும். நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஸ்கோரைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை நீங்கள் ஆடிக்கொண்டிருந்தது ஒரு யானை-குதிரை ஆட்டம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதிரில் இருந்தது, ஜெயித்தால் அணிக்குக் கிடைக்கப்போகிற 'இரண்டரை' என்ற ஒரு எண். 38வது மூவில் ஏ7-ஐ வெட்டியதைத்தான் தப்பு என்று ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கென்னவோ அது அந்தத் தண்ணீர்க் குடத்துப் பக்கமே நடந்து முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாதுதான். மற்ற போர்டுகளைப் பார்க்காமலும் இருக்க முடியாது, பார்க்காதவன் லீக் ஆடவே வர வேண்டியதில்லை.

சரி, இப்போது பலகை.

உங்கள் குதிரை சி5-க்கு வந்து டி7-ல் இருக்கிற யானையைத் தாக்குகிறது. யானை எங்கேயாவது போயாக வேண்டும். எங்கெல்லாம் போகலாம்? டி7-ல் இருந்தபோது அது ஏழாவது வரிசையில் நின்று ஏ7 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஈ7-க்குப் போயிருந்தாலும் அந்தக் காவல் தொடர்ந்திருக்கும். சி7-க்குப் போயிருந்தால் காவலோடு உங்கள் குதிரையின் மேலும் ஒரு கண் வைத்திருக்கலாம். நாலாவது படிக்கிற குழந்தைகூட அங்கேதான் வைக்கும், 'தாக்கினால் நகர், நகரும்போது எதையும் விட்டுவிடாதே' என்பதுதானே முதல் பாடம். அவன் அங்கே எதிலும் வைக்கவில்லை. டி8-ல் வைத்தான். காவலை எடுத்துவிட்டு, ஆனால் டி வரிசையை விடாமல். அதாவது டி1-க்குப் போகும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த டி1-ஐக் காத்துக்கொண்டிருந்த ஒரே காய் ஏ1-ல் இருந்த உங்கள் யானை. அந்த யானை அசைந்தால் மேட். அது அசைய வேண்டுமென்றால் அதற்கு ஏதாவது தீனி வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதிய வரியைப் பாருங்கள்: 'ஏ7-ல் இருந்த சிப்பாய் அநாதையாக நின்றது.' அது அநாதையாக நிற்கவில்லை, செ. தூண்டிலில் மண்புழு நிற்கிற மாதிரி நின்றது.

குதிரையை இழந்து, ஜெயிக்க எந்த வழியும் இல்லாமல், ஒழுங்காக ஆடினால் மெதுவாகச் செத்துப்போவோம் என்று தெரிந்த ஒருவன், இருப்பதிலேயே உங்களுக்கு ஆசை காட்டக்கூடிய ஒரு மூவைத் தேடி எடுத்து, அதை முகத்தில் எதுவும் காட்டாமல் ஆடியிருக்கிறான். பன்னிரண்டு வயதில் முகத்தில் காட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எனக்கு ஐம்பதைத் தாண்டியும் வரவில்லை. கடிதத்தில் இருபது வரி உங்கள் தப்பைப் பற்றி இருக்கிறது. அவன் ஆடிய மூவைப் பற்றி 'எடுத்துவிட்டான்' என்று ஒரே ஒரு சொல்.

நான் சொல்ல வந்தது இதுதான். 'ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்' என்கிற வாக்கியம் அடக்கமான வாக்கியம் மாதிரி இருக்கும், நம்மை நாமே திட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அதில் நாம்தான் ஜெயித்ததும், நாம்தான் தோற்றதும். எதிரில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான் என்பதே அதில் இல்லை. கொடுத்தவனுக்குத்தான் அதில் பெருமை, வாங்கியவனுக்கு ஒன்றுமில்லை. இப்படிச் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. இதே வாக்கியத்தைப் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

1996 என்று நினைவு. அப்போது நான் கடலூர் அணியில் மூன்றாம் போர்டு. புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தின் மாடியில் ஆட்டம். ஃபேன் ஓடினால் ஸ்கோர் ஷீட் பறக்கும், நிறுத்தினால் நாம் அவிந்துபோவோம் என்கிற மாதிரி இடம். பழைய சாவி கடிகாரங்கள், நேரம் முடிய முடிய முள் அந்தச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு போகும், பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும். எனக்கு எதிரில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வேட்டி, அரைக்கை சட்டை, காதில் ஒரு கடுக்கன். மூவ் ஆடிவிட்டுக் காயை ஒரு விரலால் லேசாகத் தட்டிக் கட்டத்தின் நடுவில் நிறுத்துவார், ஸ்டாம்ப் ஒட்டி அழுத்துகிற மாதிரி.

நாலு மணி நேரம் ஆனது. கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய். ராஜாவின் துணையோடு அந்தச் சிப்பாய் ஈ5 வரை வந்துவிட்டது. என் ராஜா ஈ8-ல் வழியை மறித்து நிற்கிறது, என் யானை ஆறாவது வரிசையில் நின்று அவருடைய ராஜாவை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. இதுவரை நான் ஆடியது, எனக்கே தெரியாமல், சரியான ஆட்டம். அடுத்து அவர் சிப்பாயை ஈ6-க்குத் தள்ளி, தட்டி, நடுவில் நிறுத்தினார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தெரிந்தது. ஆறுக்கு வந்துவிட்டது, இன்னும் இரண்டு கட்டம், ராணி. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். அணி இரண்டரைக்கு ஒன்றரையில் தோற்றது. அந்த அரைப் புள்ளி என்னுடையது.

கடலூர் பஸ்ஸில் ஏறினால், எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் அந்தப் பெரியவர். பக்கத்து சீட்தான் காலி. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். முருங்கப்பாக்கம் வரை பேசவில்லை. அரியாங்குப்பத்தில் கூட்டம் இறங்கியதும் அவர் மெதுவாக, 'தம்பி, எதுக்குக் கை குடுத்தீங்க? யானையைக் கீழ கொண்டுபோய் பின்னாலேருந்து செக் வெச்சிக்கிட்டே இருந்தா டிராதானே' என்றார். சிப்பாய் ஆறாவது வரிசைக்கு ஏறிய அந்த நொடியே அவருடைய ராஜா ஒளிந்துகொள்ளும் இடத்தை இழந்துவிடுகிறது, சிப்பாய்தானே அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. என் யானை ஆறாவது வரிசையை விட்டுவிட்டு ஒன்றாவது வரிசைக்கு ஓடி, தூரத்திலிருந்து செக் செக்காக வைத்துக்கொண்டிருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் போகும்போது இதை விரலால் முன் சீட்டின் முதுகில் வரைந்து காட்டினார். தவளக்குப்பத்தில் இறங்கிப் போய்விட்டார். மதுக்கடைகள் இருக்கிற கன்னியகோயிலில் பாதி பஸ் இறங்கி, கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு சந்தோஷத்தோடு ஏறியது, எனக்கும் இறங்கலாமா என்று இருந்தது. ஆல்பேட்டை செக்போஸ்டில் போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தார். என் பையில் சதுரங்கப் பலகை கடகடவென்றது, திறக்கச் சொன்னார், திறந்தேன். 'என்ன, ஜெயிச்சீங்களா?' என்றார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது மறந்துவிட்டது.

(அந்த நிலைக்குப் பெயர் ஃபிலிடோர் நிலை. பிரெஞ்சுக்காரர், தொழிலால் இசையமைப்பாளர், செஸ்ஸில் அவர் காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை. 1749-ல் லண்டனில் அவர் புத்தகம் வெளிவந்தபோது இங்கே புதுச்சேரியில் டூப்ளே கவர்னர், கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கையில், இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் இரண்டு தேசத்துப் பீரங்கிகள். இந்த யானை நிலையை அவர் ஆராய்ந்து எழுதியது 1777-ல். அடுத்த வருடமே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். உள்ளே இருந்த பிரெஞ்சுப் படையாவது இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டுக் கை கொடுத்தது, நான் பிரெஞ்சுக்காரர் சொல்லிவைத்த வழி இருந்தும் அந்த ஊரிலேயே ஒரு மூவ்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.)

இதற்குப் பிறகு பல வருடம் இந்தக் கதையை நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா? 'டிரா நிலையில் கை கொடுத்துவிட்டேன், அன்றைக்கு லேசாக ஜுரம் வேறு.' கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஜுரம் இருந்ததா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். ஒரு நாள் பழைய ஸ்கோர் ஷீட் கையில் கிடைத்தது, கார்பன் காப்பி, என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். பதினெட்டாவது மூவில் தொடங்கி அந்தப் பெரியவர் ஒரு அவசரமும் இல்லாமல் என் கட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். என் பிஷப்புக்குப் போக இடமில்லாமல் செய்தார், அப்புறம் குதிரைக்கு, அப்புறம் ஒரு சிப்பாய். நாற்பது மூவுக்கு நான் பின்வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவ்வளவு நேரம் பின்வாங்கியவனுக்குக் கடைசியில் ஒரு சிப்பாய் ஒரு கட்டம் ஏறினாலே ஊரே போய்விட்ட மாதிரித்தான் தெரியும். நான் கை கொடுத்தது ஈ6-க்கு இல்லை, அந்த நாற்பது மூவுக்கு. அது அவர் செய்தது, நியாயமாக அவர் வாங்கிய புள்ளி. என் கதையிலோ அவர் பஸ்ஸில் வந்து டிரா சொல்லிக்கொடுத்த நல்ல மனிதர் மட்டும்தான், என்னைத் தோற்கடித்தவராக ஒரு தடவைகூட வரவில்லை.

நம்மிடம் மட்டுமில்லை இந்த நோய். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட், உங்களூரிலிருந்து ஈசிஆரில் இரண்டு மணி நேரம், பாதிப் பாண்டியே அங்கே போய் வந்தது. பத்தாவது சுற்றில் நம் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானோடு ஆடியது. குகேஷ் அதற்கு முன் ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி, ஒரு டிரா, முதல் போர்டில். அன்றைக்கும் ஆட்டம் அவர் கையில்தான் இருந்தது. போய்விட்டது. ஒரு டிரா கிடைத்திருந்தாலே அணி ஜெயித்திருக்கும், இரண்டுக்கு இரண்டு ஆனது, கடைசியில் அந்த அணிக்கு வெண்கலம். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. பதினாறு வயசுப் பையன் பலகைக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் நான் போன டீக்கடையில், வீட்டில், வாட்ஸ்ஆப்பில் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு, 'குகேஷ் விட்டுட்டான்.' எதிரில் உட்கார்ந்திருந்த அப்துசத்தோரோவுக்கு அப்போது பதினேழு வயது, முந்தைய வருஷம்தான் உலக ரேபிட் பட்டம் வாங்கியிருந்தார், மோசமான நிலையில் விடாமல் சிக்கலாக்கிக்கொண்டே இருந்து அந்த ஆட்டத்தை எடுத்தார். அவர் பெயரை அன்று ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை.

2024 டிசம்பரில் அது அப்படியே திரும்பியது. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினாலாவது ஆட்டம், டிங் லிரன் 55வது மூவில் யானையை எஃப்2-ல் வைத்தார், குகேஷ் சாம்பியன். உடனே சிலர் 'டிங் விட்டுக்கொடுத்துட்டார், இது என்ன வெற்றி' என்று ஆரம்பித்தார்கள். நமக்கு ரத்தம் கொதித்தது இல்லையா? மணிக்கணக்கில் டிரா மாதிரித் தெரிந்த நிலையை விடாமல் ஆடி, எதிராளியைத் தப்புச் செய்யும் இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது யார் என்று நாம் கேட்டோம். அதே கேள்வியை டி8-ஐப் பற்றிக் கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. வயசு: நாற்பத்தாறு ஒரு வயசா? ஒதுங்குவது: உங்கள் இடத்தில் ஆட ஆள் இருந்து, அவர் உங்களைவிட நன்றாக ஆடுவாரென்றால் கொடுங்கள். தோற்றதற்காகக் கொடுக்காதீர்கள், அது தியாகம் மாதிரித் தெரியும், டீமில் எல்லோரும் மறுபடி 'பரவால்ல சார்' சொல்ல வேண்டி வரும், பாவம். அவர்களிடம் மன்னிப்பும் வேண்டாம், அடுத்த ஞாயிறு நேரத்துக்குப் போய் நாற்காலி போடுங்கள். மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அதே கேள்வி முப்பது வருஷமாகக் கேட்கப்பட்டு வருகிறது, இப்போது எழுத்தையும் சேர்த்து.

மொபைலில் போட்டுப் பார்த்தது பற்றி மட்டும் கொஞ்சம் சண்டை போட வேண்டும். ஐந்து புள்ளி முன்னிலை என்று அந்தக் கோடு காட்டுகிறது, சரி. அது யாருடைய முன்னிலை? அந்த நிலையில் அந்த நிரலே இரண்டு பக்கமும் ஆடினால் வெள்ளை ஜெயிக்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மணிக்கணக்கில் உட்கார்ந்து, மதியம் சரியாகச் சாப்பிடாமல், மனசில் இரண்டரையோடு, எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராஜாவுக்கு ஒரு வழி திறந்து வைக்க முப்பத்தேழு மூவாக நேரம் கிடைக்காத ஒருவர் எவ்வளவு முன்னிலை என்று அதற்குத் தெரியாது. முதலில் மொபைல் இல்லாமல், பேனாவை எடுத்து, ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். 'ஜெயித்தாகிவிட்டது' என்று எந்த மூவில் முதன்முதலாகத் தோன்றியது என்று எழுத வேண்டி வரும். எனக்கு அந்த இடம் எழுத ஒரு வாரம் ஆனது. பழைய ரஷ்யப் பயிற்சியாளர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள், ஆடப்போகிற மூவை முதலில் ஷீட்டில் எழுதிவிடு, பேனாவை வை, அப்புறம் ஒரு கத்துக்குட்டியின் கண்ணோடு பலகையை ஒரு தடவை பார், அதன் பிறகு காயைத் தொடு என்று. இப்போது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி முன்கூட்டி எழுதக் கூடாது. அதனால் நான் எழுதுவதற்குப் பதில் கையை முட்டிக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். அசிங்கமாக இருக்கும், ஆனால் இரண்டொரு யானையைக் காப்பாற்றியிருக்கிறது. (நம் ஊரில் மூலையில் நிற்பதை யானை என்கிறோம், ரஷ்யர்கள் பிஷப்பைத்தான் யானை என்பார்கள். பழைய சதுரங்கத்தில் மூலையில் நின்றது தேர். யானை எங்கே நின்றாலும் நம் கையில் அது தொலைந்துபோவது மாறவில்லை.)

மறந்தது எப்படி என்று கேட்டீர்கள். மறக்கவில்லை என்பது மேலே படித்ததிலேயே தெரிந்திருக்கும், ஈ6 வரைக்கும் சொல்கிறேனே.

இனி அந்தப் பையன். அவன் அனலைஸ் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறான், ஜெயித்த பிறகு, தன்னைவிட முப்பத்து நாலு வயது பெரிய ஒருவரிடம். நீங்கள் கையில் ஹெல்மெட்டோடு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றீர்கள். பையன்கள் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், செ. அன்று உங்களுக்கு வலித்தது, பேச முடியவில்லை, அதெல்லாம் புரிகிறது, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், இன்னும் மோசமான பொய்யாகக்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் தவளக்குப்பத்துப் பெரியவருக்கும் அன்று வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கும், ஜெயித்தவர் வேறு, எனக்கு வரைந்து காட்டியாக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

லீக்கில் திரும்ப ஒரு சுற்று உண்டுதானே, இந்த முறை அவர்கள் பாண்டிக்கு வருவார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, ஸ்கோர் ஷீட்டை விரித்து, யானையை ஏன் ஈ7-ல் வைக்காமல் டி8-ல் வைத்தாய் என்று கேளுங்கள். பதிலை எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். 'சும்மாதான் அங்கிள், அங்க வெச்சேன்' என்று அவன் சொன்னாலும் சொல்வான், பன்னிரண்டு வயசு. அப்படிச் சொன்னால் நான் இவ்வளவு நேரம் கட்டியதெல்லாம் போச்சு. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.